கவுன்சில் வீட்டுக்குப் பதிந்துவிட்டீர்கள்: முடிவு வரும்வரை உங்களுக்கு என்ன உரிமை?

"போர்ம் போட்டு மாதக்கணக்காச்சு, ஒரு கடிதமும் வரேல்லை. கேட்டால் கோவிச்சுக்கொண்டு பின்னுக்குத் தள்ளிப்போடுவாங்களோ எண்டு பயமாக் கிடக்கு." ஹாரோ, பிரென்ட், நியூஹாம், ரெட்பிரிட்ஜ் என்று லண்டனில் எங்கே போனாலும் எங்கள் ஆட்களிடம் இந்தப் பேச்சைக் கேட்கலாம். அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. விவரம் கேட்பதைச் சட்டமே உரிமையாகத் தந்திருக்கிறது; கேட்ட குற்றத்துக்காக ஒருவருடைய விண்ணப்பத்தைப் பின்தள்ள எந்தக் கவுன்சிலுக்கும் (உள்ளூராட்சி மன்றத்துக்கும்) அதிகாரம் கிடையாது. இங்கே சொல்வது எல்லாம் இங்கிலாந்துக்கானது. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் காத்திருப்பது இரண்டு விஷயங்களுக்கு. உங்களை வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலில் சேர்ப்பதா, சேர்த்தால் எந்த பாண்டில் (முன்னுரிமைப் பிரிவில்), எத்தனை அறைக்கு என்ற முடிவு ஒன்று. அந்த முடிவுக்குப் பிறகு வீடு கிடைப்பது மற்றது. 2024 மார்ச் முடிவில் இங்கிலாந்து முழுவதும் 13 இலட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் இந்தப் பட்டியல்களில் இருந்தன. வீட்டுக்கான காத்திருப்பை உங்களால் சுருக்க முடியாமல் போகலாம். முடிவுக்கான காத்திருப்பு அப்படியல்ல. அதில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, செய்யாமல் விட்டால் இழப்பதும் இருக்கிறது.

கவுன்சில் வீடுகளை ஒதுக்கும் முறையை 1996ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் ஆறாம் பாகம் சொல்கிறது. இத்தனை நாளுக்குள் முடிவு தர வேண்டும் என்று அதில் காலக்கெடு இல்லை. ஆனால் ஒவ்வொரு கவுன்சிலும் தன் ஒதுக்கீட்டு விதிகளை எழுதி வெளியிட வேண்டும். அவற்றின் சுருக்கத்தைக் கேட்பவருக்கு இலவசமாகத் தர வேண்டும். பல கவுன்சில்கள் விண்ணப்பத்தை எவ்வளவு நாளில் பார்ப்போம் என்று தங்கள் இணையப் பக்கத்திலேயே போட்டிருக்கும். அந்த நாள் கடந்துவிட்டால் அதையே சுட்டிக்காட்டி எழுதுங்கள்.

அதைவிடப் பலமான ஒன்று அதே சட்டத்தின் 166ஏ பிரிவில் இருக்கிறது. என் விண்ணப்பத்தை எப்படி நடத்துவீர்கள், எனக்கு முன்னுரிமை கிடைக்கக்கூடுமா, என் குடும்பத்துக்கு ஏற்ற வீடு கிடைக்க வாய்ப்பு உண்டா, உண்டென்றால் ஏறத்தாழ எவ்வளவு காலம் ஆகும் என்று கணிக்கத் தேவையான பொதுத் தகவலைக் கேட்கும் உரிமை அது. உங்களைப் பற்றி எந்த உண்மைகளைக் கணக்கில் எடுத்தார்கள் என்றும் கேட்கலாம். இதைப் போனில் கேட்காதீர்கள். ஈமெயிலில் கேளுங்கள். விண்ணப்ப எண், பதிந்த திகதி, இதுவரை கொடுத்த ஆவணங்கள், இன்னும் ஏதாவது குறைகிறதா என்ற கேள்வி, பதில் எதிர்பார்க்கும் திகதி. இவ்வளவும் ஐந்து வரிக்குள் அடங்கும். ஆங்கிலம் கஷ்டம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளையை வைத்து வீட்டுப் பிரச்சினை பேசுவதைவிட அது எவ்வளவோ மேல்.

தாமதத்துக்குப் பல சமயம் காரணம் ஆவணம்தான். இப்போது புதிதாக வந்திருக்கும் சிக்கல் ஷெயர் கோட், அதாவது உங்கள் வதிவிட அனுமதியை இணையத்தில் மற்றவர் பார்க்க நீங்கள் கொடுக்கும் குறியீடு. பிஆர்பி என்ற வதிவிட அனுமதி அட்டைகளின் காலம் 2024 டிசம்பரோடு முடிந்து, அந்த அனுமதி ஈவிசாவாக, அதாவது இணையப் பதிவாக, மாறிவிட்டது. அதைக் காட்ட நீங்கள் எடுத்துக் கொடுக்கும் ஷெயர் கோட் 90 நாளுக்குத்தான் செல்லும். பதியும்போது கொடுத்த கோட், அதிகாரி உங்கள் கோப்பைத் திறக்கும் நாளில் காலாவதியாகியிருக்கும். புதியது கேட்டு அவர் அனுப்பிய ஈமெயில் ஜங்க் பெட்டியில் கிடக்கும். பதில் இல்லை என்று விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். வாரம் ஒருமுறை ஜங்க் பெட்டியையும், பதிந்த இணையக் கணக்கில் வரும் செய்திகளையும் பாருங்கள். போன் நம்பரோ முகவரியோ மாறினால் அன்றே அறிவியுங்கள்.

அகதி அந்தஸ்தோ மனிதாபிமானப் பாதுகாப்போ உள்ளவர்கள் பொதுவாக விண்ணப்பிக்கலாம்; ஸ்பொன்சர் (செலவைப் பொறுப்பேற்பவர்) நிபந்தனை இல்லாத நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும் இங்கே வழமையாக வாழ்பவர்களாக இருந்தால் விண்ணப்பிக்கலாம். 'பொது நிதி பெறக் கூடாது' என்ற நிபந்தனையோடு விசா உள்ளவருக்குக் கவுன்சில் வீட்டை ஒதுக்க முடியாது. கணவருக்குத் தகுதி இருந்து மனைவி இந்த நிபந்தனையுள்ள ஸ்பவுஸ் விசாவில் இருந்தால், இரண்டு பேர் பெயரிலும் சேர்த்து ஒதுக்க முடியாது. தகுதியுள்ளவர் தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். ஆனால் மற்றவருடைய விசாவுக்கு அதனால் பாதிப்பு வருமா என்று குடிவரவுச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்ட பிறகே கையெழுத்து வையுங்கள். பக்கத்து வீட்டார் சொன்னதை நம்பிச் செய்கிற விஷயம் இது இல்லை.

மருத்துவக் காரணம் காட்டுபவர்கள் ஜீபி (குடும்ப மருத்துவர்) கடிதத்தில் கவனம் வையுங்கள். "இவருக்கு முழங்கால் தேய்மானம் உள்ளது" என்று மட்டும் இருக்கும் கடிதம் பெரும்பாலும் எடுபடாது. நோய் என்ன என்பதைவிட, அந்த நோய்க்கு இந்த வீடு என்ன செய்கிறது என்பதையே கவுன்சில் பார்க்கிறது. "மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, ஒருமுறை இறங்கி ஏற நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது, அதனால் கிளினிக் போவதையே தவிர்க்கிறார்" என்று இருந்தால் அது வேறு கடிதம். ஈரச் சுவரால் பிள்ளைக்கு ஆஸ்மா கூடுகிறது என்றால், அந்தச் சுவரின் படங்களைத் திகதியோடு வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களின் கடிதங்களையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள்.

இனி முடிவுக் கடிதம். வந்ததும் 'சேர்த்துவிட்டார்கள்' என்ற சந்தோஷத்தில் மேசை லாச்சியில் போட்டுவிடாதீர்கள். எந்த பாண்ட், எத்தனை படுக்கையறை, எந்தத் திகதியிலிருந்து என்று மூன்றையும் பாருங்கள். ஒரே பாண்டில் இருப்பவர்களைப் பல கவுன்சில்கள் அந்தத் திகதியை வைத்துத்தான் வரிசைப்படுத்துகின்றன. நீங்கள் பதிந்ததற்கு ஐந்து மாதம் பிந்திய திகதி விழுந்திருந்தால், அந்த ஐந்து மாதத்தில் பதிந்தவர்கள் எல்லோரும் உங்களுக்கு முன்னால். அறைக் கணக்கும் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். ஒரே பாலினப் பிள்ளைகள் இருவர் எந்த வயது வரை ஒரு அறையில் இருக்கலாம் என்பதில் ஒரு இடத்தில் 16, இன்னொரு இடத்தில் 21. உங்கள் கவுன்சிலின் விதியை எடுத்து வைத்துச் சரிபாருங்கள்.

தகுதி இல்லை என்று முடிவு செய்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்த முடிவையும், உங்கள் நிலைமையைத் தவறாக எடுத்துக்கொண்ட முடிவையும் மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பல கவுன்சில்களில் அதற்கு 21 நாள் தருகிறார்கள்; கடிதத்தில் உள்ள நாளை நம்புங்கள். "இங்கே போதிய ஆண்டுகள் வாழவில்லை" என்று மறுத்தால்கூட அதுவே கடைசி வார்த்தை இல்லை. ஹில்லிங்டன் கவுன்சில் வைத்திருந்த 10 ஆண்டு வதிவிட நிபந்தனை அகதி ஒருவரின் வழக்கில் 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அது பிரித்தானியர் அல்லாதவர்களுக்கு மறைமுகமாகப் பாரபட்சம் காட்டுகிறது, அதைக் கவுன்சிலால் நியாயப்படுத்த முடியவில்லை என்று தீர்ப்பு வந்தது.

காத்திருக்கும் காலத்தில் யாரும் செய்யக் கூடாதவை சில. இருக்கும் வீட்டைத் தானாக விட்டு வெளியேறாதீர்கள். நெருக்கடி கூடியது போலக் காட்ட உறவினரைக் கூட்டிவந்து வைக்காதீர்கள். வேண்டுமென்று நிலைமையை மோசமாக்கினார் என்று பல கவுன்சில்கள் முன்னுரிமையைக் குறைக்கும். தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது குற்றம், அபராதம் வரும்.

வீட்டுக்காரர் எழும்பச் சொல்லி, 56 நாளுக்குள் வீடில்லாமல் போகும் நிலை வந்துவிட்டால், இந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். அது ஏழாம் பாகம், வீடற்றோர் பிரிவு; தனி விண்ணப்பம். தகுதியுள்ளவர் என்றால் வீட்டை இழக்காமல் தடுக்க உதவுவது கவுன்சிலின் சட்டக் கடமை. அங்கே வரும் முடிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு 21 நாளுக்குள் மீளாய்வு கேட்க வேண்டும், அதற்குப் பிறகு கவுண்டி கோர்ட் வரை போகலாம். ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு நிறுவனங்கள் இரண்டும் இலவசமாக ஆலோசனை தரும். வருமானம் குறைவென்றால் சட்ட உதவியும் கிடைக்கலாம்.

எழுதியும் பதில் இல்லையா? கவுன்சிலில் முறைப்பாடு போடுங்கள், உங்கள் வட்டாரக் கவுன்சிலருக்கும் பிரதி அனுப்புங்கள். அதுவும் முடிந்து திருப்தி இல்லையென்றால் கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை. பிரச்சினை தெரியவந்து 12 மாதத்துக்குள் போவது வழக்கம். கவுன்சிலின் தாமதத்தால் உங்கள் திகதி பிந்திப்போயிருந்தால், அதை முன் திகதிக்கு மாற்றச் சொல்லி ஒம்புட்ஸ்மன் பரிந்துரைப்பது உண்டு. அதற்கு, நீங்கள் எப்போது எதைக் கொடுத்தீர்கள் என்று காட்டும் ஈமெயில்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.