ஷிபோலேத்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஆங்கிலக் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் இது. இப்போது அங்கே 'ஒரு கூட்டம் வழக்கமாகப் பிடித்துத் தொங்கும் பழைய கோஷம்' என்கிற அளவுக்குப் பொருள் நீர்த்துப்போய்விட்டது. பிறந்த இடத்தில் அது உயிரை எடுத்த சொல்.

எபிரேயத்தில் ஷிபோலேத் என்றால் தானியக் கதிர். நீரோட்டம் என்றும் பொருள் சொல்வார்கள். விவிலியத்தில் நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரம்: கீலேயாத்தியரிடம் சண்டையில் தோற்ற எப்பிராயீம் குலத்தார் யோர்தான் ஆற்றைக் கடந்து ஊர் திரும்பப் பார்க்கிறார்கள். ஆற்றுத்துறையைப் பிடித்து நிற்கும் கீலேயாத்தியர் வருகிறவனை நிறுத்தி, 'ஷிபோலேத்' சொல்லச் சொல்கிறார்கள். எப்பிராயீமன் நாக்கில் 'ஷ' வராது, 'சிபோலேத்' என்பான். அங்கேயே வெட்டு. அப்போது விழுந்தவர்கள் 42,000 பேர் என்கிறது அந்த நூல். (கிரந்த எழுத்தே கூடாது என்பவர்கள் இந்தக் கதையை எப்படி எழுதுவார்கள்? 'ஷ' போனால் இரண்டும் ஒரே சொல், கதையே கிடையாது.)

நமக்கு இது யோர்தான் வரை போய்ப் படிக்க வேண்டிய பாடம் இல்லை. 1983 ஜூலை 24 இரவு கொழும்பின் பொரளைப் பகுதியில் தமிழருக்கு எதிராகத் தொடங்கிய வன்முறை மறுநாள் நகரம் முழுக்கப் பரவியது. வாகனங்களை மறித்தவர்களுக்கு ஒரு சிக்கல்: முகத்தை மட்டும் பார்த்து யார் தமிழர் என்று சொல்லிவிட முடியாது. சரி, பேச வைத்துப் பார்ப்போம் என்று, வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள்: 'பால்திய'. அந்தப் 'பா' நம் பால், பாட்டு போல அல்ல, 'பஸ்'ஸில் வருவதைப் போல அதிர்ந்து வர வேண்டும். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ப'தான். இங்கே எழுதிக் காட்டக்கூட முடியவில்லை. கொழும்பில் தினமும் பஸ் ஏறுகிறவருக்கு அந்த ஒலி வராமலா போகும்? ஆனால் சுற்றிலும் பொல்லோடு ஆட்கள் நிற்கும்போது நாக்கு தாய்மொழிக்குத்தான் ஓடும். இத்தனைக்கும் அது சிங்களச் சொல்லே அல்ல, 'பால்டே' என்கிற போர்த்துக்கீசியச் சொல் வேடம் மாறி வந்தது.

அதற்கு 25 ஆண்டு முன்னால், 1958இல், சண்டை ஓர் எழுத்தை வைத்து. வாகன எண்பலகையில் சிங்கள 'ஸ்ரீ' வந்திருந்தது. வடக்கில் அதன்மேல் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார்.

அப்புறம், தமிழ்ச்சொல். 'குழூஉக்குறி' என்று சிலர் எழுதுகிறார்கள். பொருந்தாது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது அவர்களே வைத்துக்கொண்ட மறைமொழி. வேண்டுமானால் சொல்வார்கள், வேண்டாவிட்டால் விடுவார்கள். ஷிபோலேத் பிறர் நம் வாயிலிருந்து பிடுங்குவது. 'உரைசொல்' கேட்க அழகாக இருக்கிறது, உரைகல்லும் பேச்சும் சேர்ந்து வரும். ஆனால் உரைகல் பொன்னைச் சோதிக்கும் நேர்மையான கருவி; மறித்து நிற்கிறவனுக்கு அந்த மரியாதை எதற்கு?

நான் 'பிடிசொல்' என்று எழுதுகிறேன். பிடியாணை பழகிய காதுக்கு விளக்கம் வேண்டியிருக்காது. வாக்கியத்தில் இப்படி வரும்: "1983 கொழும்பில் 'பால்திய' பிடிசொல் ஆயிற்று." நீர்த்துப்போன அந்த இன்னொரு பொருளுக்கு 'தேய்ந்த கோஷம்' போதும்.