அறிந்தே பாராமுகம்

தமிழில் அமெரிக்கச் சிறை வழக்குச் செய்தி என்றாலே 'சிகிச்சை அளிப்பதில் வேண்டுமென்றே கவனக்குறைவு' என்று எழுதிவிடுகிறார்கள். மூலச்சொல் 'டெலிபரேட் இன்டிஃபரன்ஸ்'. முதல் பாதியின் வேர், தராசைக் குறிக்கும் லத்தீன் சொல்; எடைபோட்டு முடிவெடுப்பது. அடுத்த பாதி, எப்படிப் போனால் என்ன என்றிருப்பது.

சட்டத்தில் இந்தச் சொல் நிலைபெற்றது 1976இல், எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில். டெக்சஸ் சிறையில் லாரியிலிருந்து பருத்திப் பொதி இறக்கும்போது ஒன்று கைதி கேம்பிள் மேல் விழுந்தது. அதன் எடை 600 பவுண்டு என்கிறது அவர் கையால் எழுதிய மனு. முதுகுவலிக்குச் சரியான சிகிச்சை இல்லை என்று, 1871ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டப்படி கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். கைதியின் கடுமையான மருத்துவத் தேவையை அறிந்தே புறக்கணிப்பது, அமெரிக்க அரசியலமைப்பின் எட்டாவது திருத்தம் தடுக்கும் கொடூரத் தண்டனைதான் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் வெறும் கவனக்குறைவு அதற்குப் போதாது என்றும் சொன்னது. எக்ஸ்ரே எடுக்காமல் விட்டது மிஞ்சிப்போனால் சிகிச்சைப் பிழை என்று, மருத்துவர் மீதான அவரது புகாரை ஏற்கவில்லை.

எந்தச் சொல் பொருந்தினால் கைதி தோற்பாரோ, அதையே அவர் வாயில் திணிக்கிறது நம் மொழிபெயர்ப்பு! கவனம் தவறுவது தெரியாமல் நடப்பது. அதை எப்படி வேண்டுமென்றே செய்வது? அந்த 'வேண்டுமென்றே'யும் தவறுதான். 1994இல் இன்னொரு கைதியின் வழக்கான ஃபார்மர் எதிர் பிரென்னனில் அதே நீதிமன்றத்தின் தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது: கெடுதல் செய்யும் நோக்கத்தைக் கைதி நிரூபிக்க வேண்டியதில்லை. ஆபத்து இருப்பது அதிகாரிக்கு உண்மையிலேயே தெரியுமா, தெரிந்தும் பொருட்படுத்தாமல் விட்டாரா என்பதே கேள்வி.

'அலட்சியம்' பரவாயில்லை. ஆனால் சாலை விபத்து முதல் ஓட்டல் சாம்பார் வரை எல்லாவற்றுக்கும் எழுதி எழுதி அது தேய்ந்துவிட்டது. 'பாராமுகம்' நம்மிடம் உயிரோடு இருக்கும் சொல். எதிரே இருப்பது தெரிந்துதான் முகத்தைத் திருப்புகிறோம். அந்த அறிவு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. முன்னால் 'அறிந்தே' சேர்த்தால் சட்டப்பொருள் ஐயமின்றி வந்துவிடும். 'முகம்' வடசொல் என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும், எனக்குத் தெளிவுதான் முக்கியம்.

அப்புறம், 'சிவில் உரிமை வழக்கு' இதே செய்திகளில் 'குடியுரிமை வழக்கு' ஆகிவிடுகிறது. கைதியின் குடியுரிமை பறிபோய்விட்டதென்றுதானே வாசகர் நினைப்பார்? தீர்ப்பின் சாரத்தை ஒரு பத்தி படித்துவிட்டு எழுத உட்கார்ந்தால் இவ்வளவு குழப்பம் வராது.