முந்தைய நாள் எடை, மறுநாள் அடி

காலை ஆறரை மணி. இளையோர் குத்துச்சண்டைப் போட்டி ஒன்றில் மருத்துவராகப் பணியில் இருந்தேன். எடை பார்க்கும் அறைக்கு வெளியே, சித்திரை மாதப் புழுக்கத்தில், மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு பையன் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். கையில் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில். பத்தடிக்கு ஒருமுறை அதற்குள் துப்பினான். துப்பவும் எச்சில் வரவில்லை. பாட்டிலின் அடியில் நுரை மட்டும் ஒட்டியிருந்தது.

"இன்னும் நானூறு கிராம்தான், டாக்டர்" என்றான். உட்கார வைத்தேன். புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும்; அவனுக்கு அது கூடாரம்போல நின்று மெல்ல இறங்கியது. பத்து நிமிடம் ஓய்வெடுத்த பிறகும் நாடித்துடிப்பு 118. முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு அவன் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மோத அனுமதி மறுத்துக் கையெழுத்திட்டேன். அவனுடைய பயிற்சியாளர் என்னுடன் கடுமையாக வாதாடினார். மூன்று மாத உழைப்பு வீணாகிறதே என்ற வேதனை அவருக்கு. அது எனக்கும் புரிந்தது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் அவனை அவனுக்குரிய எடைப் பிரிவில் நிறுத்தியிருக்கலாமே என்ற கோபம்தான் எனக்குள் மேலோங்கி நின்றது.

எடைப் பிரிவுகள் உருவானதே பாதுகாப்புக்காக. கனத்த உடம்பிலிருந்து வரும் குத்து கனமாக விழும். அதைத் தாங்க வேண்டியவை மெல்லிய கழுத்தும் அதன்மேல் இருக்கும் தலையும். அதனால் ஏறக்குறைய ஒரே எடை உள்ளவர்களை மோத விடுகிறோம். ஆனால் எந்த நேரத்து எடை? நியாயம் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் முன்பெல்லாம் சண்டை நடக்கும் நாளிலேயே எடை பார்த்தார்கள். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியுடன் மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக் கூ, மூளையில் ரத்தம் கசிந்து சில நாள்களில் இறந்தார். அதன்பின் 15 சுற்றுகள் 12 ஆகக் குறைந்தன. உடம்பு வற்றிய நிலையில் யாரும் மேடையேறக் கூடாது என்று எடை பார்ப்பதும் மெல்ல முந்தைய நாளுக்கு நகர்ந்தது. நல்ல எண்ணத்தில் செய்த மாற்றம்தான். ஆனால் கிடைத்த ஒரு நாள் இடைவெளியை வீரர்கள் வேறு விதமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள்: முதல் நாள் நீரை வற்றடித்து எடை காட்டுவது, மறுநாளுக்குள் குடித்தும் தின்றும் ஏற்றிக்கொள்வது.

அதன் விலை என்ன என்று கேட்பவர்களுக்கு நான் அமெரிக்க வீரர் ஜோயி கமாஷைக் காட்டுவேன். 2000 பிப்ரவரி 26, நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டன். எதிரே ஆர்துரோ காட்டி. ஒப்பந்த எடை 141 பவுண்டு, அதாவது சுமார் 64 கிலோ. சண்டை நாளில் தொலைக்காட்சி நிறுவனத்தின் எடைக்கருவியில் கமாஷ் 145 பவுண்டு, காட்டி 160. ஒரே நாளில் 19 பவுண்டு! கிட்டத்தட்ட ஏழு கிலோ அதிகமுள்ள ஒருவரின் குத்துகளைக் கமாஷ் வாங்கினார். இரண்டாவது சுற்றிலேயே விழுந்தார். மூளையில் காயம், அதன்பின் அவர் மேடையேறவே இல்லை. வழக்குத் தொடுத்தார். எடை பார்த்ததில் நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையம் கவனக்குறைவாக இருந்தது என்று 2010-ல் நீதிமன்றம் ஏற்றது. இழப்பீடு மட்டும் கிடைக்கவில்லை.

இனி 'கேட்ச்வெயிட்' விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பிரிவுகளுக்கு நடுவே ஏதோ ஓர் எடையை இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்வதற்கு அந்தப் பெயர். வெவ்வேறு பிரிவினர் மோதும்போது இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அதில் தவறில்லை. ஆனால் பேரம் பேசும் மேசையில் இருவரும் சமமாக உட்காருவதில்லை. யாருக்காகக் கூட்டம் டிக்கெட் வாங்குகிறதோ அவர் பக்கம் சொல்வதே எடை.

2009-ல் பிலிப்பைன்ஸின் நட்சத்திர வீரர் மேனி பாக்கியாவ் மிகெல் கோட்டோவுடன் மோதினார். கோட்டோவின் பட்டத்துக்கான பிரிவின் வரம்பு 147 பவுண்டு, ஒப்பந்தத்தில் 145. கீழ்ப் பிரிவுகளிலிருந்து ஏறி வந்த பாக்கியாவ் 144-ல் இயல்பாக நின்றார். அந்த 2 பவுண்டு கோட்டோவிடமிருந்து மட்டும் பிழிந்தெடுக்கப்பட்டது. மறு ஆண்டு அந்தோனியோ மார்கரிட்டோவுடன் மோதியபோது பட்டம் 154 பவுண்டுப் பிரிவுக்கு உரியது, ஒப்பந்தம் 150. பாக்கியாவின் எடை 144.6. அந்தச் சண்டையில் உயரமும் எடையும் கூடிய மார்கரிட்டோதான் கண்குழி எலும்பு முறியும்வரை அடி வாங்கினார் என்று சொல்லி, எடை ஒரு பொருட்டே இல்லை என வாதிடுபவர்கள் உண்டு. பாக்கியாவின் வேகமும் திறமையும் யாரும் மறுக்க முடியாதவை. என் ஆட்சேபம் வேறு. 154 பவுண்டுப் பட்டம் என்று அறிவித்துவிட்டு, அந்த எடையில் நிற்க ஒருவருக்கு உரிமை இல்லை என்றால், அது எந்தப் பிரிவின் பட்டம்?

அண்மையில் இன்னொரு வழக்கம் பரவியிருக்கிறது. எடை பார்த்த மறுநாள் காலை இத்தனை பவுண்டுக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். காட்டி செய்ததைத் தடுக்க இது தேவை என்று முதலில் நானும் நினைத்தேன். நுணுகிப் பார்த்தால், இருவர் உடம்பும் இயல்பாக ஒரே பிரிவுக்கு உரியதாக இருந்தால்தான் இது பாதுகாப்பு. பெரிய உடம்பை முதல் நாள் வற்ற வைத்து, மறுநாளும் குடிக்க விடாமல் கட்டிப்போடும்போது இதே விதி ஆயுதமாகிறது. 2025 ஏப்ரலில் லண்டனில் கிறிஸ் யூபாங்க் ஜூனியர் 160 பவுண்டு வரம்பை 0.05 பவுண்டால் தாண்டினார். கிராமில் 23, ஒரு மிடறு தண்ணீர். அபராதம் பிரிட்டிஷ் பணத்தில் 3,75,000 பவுண்டு! மறுநாள் காலை 170-க்கு மேல் போகக் கூடாது என்ற நிபந்தனை வேறு. எதிரே இரண்டு பிரிவு கீழிருந்து ஏறி வந்த கானர் பென். 12 சுற்றுகள் அடிபட்டு, வென்ற கையோடு யூபாங்க் மருத்துவமனைக்குப் போனார்.

ஒரு நாளில் குடித்துச் சரிசெய்துவிடலாம் என்பது எங்கள் பயிற்சிக்கூடங்களிலும் வேரூன்றிய நம்பிக்கை. வியர்வையோடு ரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைகிறது; இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. குடித்த தண்ணீர் வயிற்றை நிரப்பும், எடைக்கருவியின் முள்ளையும் ஏற்றும். தசைக்குள் தீர்ந்துபோன சர்க்கரைச் சேமிப்பும் உப்புகளும் அதே வேகத்தில் திரும்புவதில்லை. மூளையைச் சுற்றியுள்ள நீர் எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வரும் என்பதில் மருத்துவர்களிடையே விவாதம் நடக்கிறது. அந்த விவாதம் முடியும்வரை ஒரு பதினேழு வயதுப் பையனின் தலையைப் பணயம் வைக்க நான் தயாராக இல்லை.

நம் பிள்ளைகள் ஆடும் அமெச்சூர் போட்டிகளில் மோதும் நாள் காலையிலேயே எடை பார்க்கிறார்கள்; தொடர்ந்து வென்றால் மோதும் ஒவ்வொரு நாளும் பார்க்கிறார்கள். ஏற்றிக்கொள்ள நேரமே கிடையாது. வற்றிய உடம்போடு அன்றே அடி வாங்க வேண்டும். இங்கே இன்னொரு அநியாயமும் இருக்கிறது: உரிய பிரிவே இல்லாமல் போவது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மூன்றே பிரிவுகள். 46, 48 கிலோவில் உலகப் பட்டங்கள் வென்ற மேரி கோம் 51-க்கு ஏறி, தன்னைவிடப் பெரியவர்களுடன் மோதி வெண்கலம் வாங்கினார். 2022-ல் 52 கிலோவில் உலகப் பட்டம் வென்ற நிகத் ஜரீன், பாரிஸில் அந்தப் பிரிவு இல்லாததால் 50-க்கு இறங்கினார். உச்சத்தில் இருப்பவர்களுக்கே இந்த நிலை.

பெற்றோரிடமும் பயிற்சியாளர்களிடமும் நான் கேட்பது எளிமையானது. போட்டிக்கு ஆறு வாரம் முன்பே, காலையில் வெறும் வயிற்றில், வாரம் இருமுறை எடையைக் குறித்து வையுங்கள். குறைக்க வேண்டுமானால் உணவை மாற்றி மெல்லக் குறையுங்கள். தண்ணீரில் கை வைக்காதீர்கள். வளரும் பிள்ளைக்குக் குறைப்பதே தேவையா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைய பயிற்சியை நிறுத்தி அழைத்து வாருங்கள். பேதியாகும் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை என்று யாராவது யோசனை சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மழைக்கோட்டுப் பையன் அடுத்த ஆண்டு ஒரு பிரிவு மேலே ஏறி வந்தான். எடை பார்த்து முடிந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து நான்கு இட்லி சாப்பிட்டான். அன்று மாலை புள்ளிக் கணக்கில் தோற்றான். மூன்றாவது சுற்றின் மணி அடிக்கும்வரை அவனுடைய கைகள் தாழவே இல்லை.