தொலைவழி உடல்தேற்றல்

கடும் நியூமோனியாவோடு போராடி முள்ளியவளை வீட்டுக்குத் திரும்பிய பெரியம்மாவின் கையில் ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு கொடுத்துவிட்டிருந்தார்கள். ‘தொலைதூரப் புனர்வாழ்வு, செவ்வாய், வெள்ளி’ என்று இருந்தது. வாசித்துக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. “புனர்வாழ்வு உன்ர அண்ணனுக்குக் குடுத்து முடிஞ்சுதுதானே. இப்ப எனக்கேன் பிள்ளை?”

வன்னியில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். 2009க்குப் பிறகு ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளைத் தடுத்து வைத்திருந்த ஏற்பாட்டின் பெயர் அது. அப்படியொரு சொல்லை, வீட்டிலிருந்தபடியே ஃபோன்வழி செய்யும் மூச்சுப் பயிற்சிக்கு வைத்தால் யார் நிம்மதியாக வருவார்கள்?

மூலச்சொல் ‘டெலிரிஹபிலிடேஷன்’. ‘டெலி’ கிரேக்கம், தொலைவு. மற்றதன் வேர் ‘ஹாபிலிஸ்’ என்ற லத்தீன் சொல். இயலக்கூடிய, தகுந்த என்று பொருள். மீண்டும் இயலச் செய்வது, அவ்வளவுதான். ‘வாழ்வு’ நாம் சேர்த்தது. தமிழ்நாட்டில் வழங்கும் ‘மறுவாழ்வு’ உதவுமா என்றால், 2021இல் அங்கே இலங்கை அகதி முகாம்களுக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அதிலும் முகாம் வந்துவிட்டது.

நடப்பது என்ன? விறாந்தையில் கதிரை, எதிரே செம்பில் சாய்த்து வைத்த ஃபோன், விரலைக் கவ்வி இரத்தத்தின் ஒட்சிசன் அளவைக் காட்டும் ஒக்சிமீற்றர். “கையூன்றாமல் எழும்புங்கோ அம்மா” என்கிறார் ஃபோனில் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). ஒரு நிமிடத்தில் எத்தனை தரம் எழுந்து அமர்கிறார் என்று எண்ணுகிறார். இளைத்தால் நிறுத்தி, மூக்கால் இழுத்து உதட்டைக் குவித்து மெல்ல ஊதச் சொல்கிறார். ஒட்சிசன் இறங்கினால் அன்றைய பயிற்சியைக் குறைக்கிறார். இந்த மேற்பார்வைதான் உயிர்நாடி. யாரோ எப்போதோ எடுத்த வீடியோவைப் பார்த்து நாமே செய்வது இதில் சேராது. நாட்பட்ட சுவாச நோயாளர்களிடம் நடந்த 15 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மீளாய்வு (2021), நேரில் போய்ச் செய்வதற்கு ஒப்பான பலன் இதிலும் கிடைப்பதாகச் சொன்னது. கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாறிப் போகும் ஊர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? வருத்தக்காரரைப் பார்க்கப் போனால் நாம் கேட்பது “ஆள் தேறிட்டாரோ?” என்றுதான். தேறுவது அவர், தேற்றுவது உடனிருப்பவர். கலங்கிய கிணற்றுத் தண்ணீர் தெளிய, பானையின் உட்புறத்தில் உரைக்கும் கொட்டைக்கும் தேற்றாங்கொட்டை என்றே பேர். ‘தேற்றல்’ என்றால் ஆறுதல் சொல்வது என்றுதானே எடுப்பார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். ‘உடல்’ என்பதை முன்னே வைத்தால் அந்த மயக்கம் இல்லை. அதோடு, மூச்சு முட்டுமோ என்று எழும்பவே பயப்படுகிறவருக்கு ஆறுதலும் மருந்தில் பாதி.

முன்னொட்டுக்குக் ‘காணொளிவழி’ என்று போடுகிறவர்களும் உண்டு. நான் ‘தொலைவழி’ என்றே எழுதுவேன். சிக்னல் விழுந்த நாட்களில் படம் வராது. பெரியம்மா ஒக்சிமீற்றர் எண்ணை வாசிக்க, மறுமுனையில் குரல் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். அதுவும் இதற்குள் அடங்கவேண்டும்.