டேங்கர் ஒன்றா, இரண்டா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கத்து அபார்ட்மென்ட்களுக்குத் தண்ணீர் டேங்கர் புக் செய்ய ஒரு ஆப் என்று வைத்துக்கொள்வோம். "பணம் கட்டும் பகுதியை எழுது, பதில் வராவிட்டால் மூன்று முறை முயற்சி செய்" என்று ஏஐ கருவியிடம் சொன்னால் கொஞ்ச நேரத்தில் கோடு (புரோகிராம் வரிகள்) கைக்கு வந்துவிடும். ஓடும், டெஸ்ட்டும் பாஸ் ஆகும். ஆனால் அப்படியே வெளியே விட்டால் என்றைக்காவது ஒரு டேங்கருக்கு இரண்டு முறை பணம் போகும்.

பதில் வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஆப்புக்கும் வங்கிக்கும் நடுவே நின்று பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே பணத்தை எடுத்திருக்கும். எடுத்துவிட்டேன் என்ற செய்தி திரும்பும் வழியில் நெட் போயிருக்கும். மறுபடி கேட்டால் மறுபடி எடுக்கும். சொன்னதை அப்படியே செய்ததுதான் கோடு. தப்பு கேட்ட கேள்வியில் இருக்கிறது. மென்பொருள் எப்படி அமைய வேண்டும் என்று திட்டமிடும் சொல்யூஷன் ஆர்க்கிடெக்டின் வேலை இங்கேதான் ஆரம்பம்.

பலருக்கும் முதலில் தோன்றும் குறுக்குவழி: ஒரே ஆள், ஒரே தொகை, ஐந்து நிமிடத்துக்குள் வந்தால் இரண்டாவதைத் தள்ளிவிடு. சரி, ஆனால் கோடையில் ஒரு பெரிய குடியிருப்பின் செயலாளர் நிஜமாகவே அடுத்தடுத்து இரண்டு 12,000 லிட்டர் டேங்கர் கேட்பாரே! தொகையை வைத்து அவர் மனதைப் படிக்க முடியாது.

அதனால் ஆர்டர் திரை திறக்கும்போதே போன் ஒரு தனி எண்ணை உருவாக்கும். இதற்கு ஐடெம்பொடன்சி கீ என்று பெயர். எத்தனை முறை பட்டனைத் தட்டினாலும் அந்த ஆர்டருக்கு அதே எண்தான் போகும். சர்வர் அதை டேட்டாபேஸில் 'இரண்டாவது முறை பதியக் கூடாது' என்ற கட்டுப்பாட்டோடு வைக்கும். அதே எண் திரும்ப வந்தால் பணத்தைத் தொடாமல் பழைய பதிலையே கொடுக்கும். கேட்வேக்கும் அதே எண்தான் போக வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் சர்வர் புது எண் போட்டால் இத்தனையும் வீண்.

நியாயமாகச் சொன்னால், ஏஐக்கு இது தெரியாததல்ல. கேட்டால் அழகாக எழுதும், சில சமயம் கேட்காமலும் எழுதும். ஆனால் மொழி மாடல் முன்னால் வைத்த உரையையும் பயிற்சியில் பார்த்ததையும் கொண்டுதான் அடுத்த சொல்லைக் கணிக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டி டீக்கடையில் நாலு பேர் தமிழில் பேசி முடிவெடுத்தது எந்த ஃபைலிலும் இருக்காது. 'பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும்' என்ற ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் உத்தரவு நம் ஆப்பைத் தொடுகிறதா என்பதையும் யாராவது சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால், உதாரணங்களில் அதிகம் பார்த்த அமெரிக்க சர்வரையே அது எடுத்துக் கொடுக்கலாம்.

ஆகவே இப்போது ஆர்க்கிடெக்ட் நிறைய எழுத வேண்டியிருக்கிறது: என்ன முடிவு, ஏன், எதை வேண்டாமென்று விட்டோம். ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்குள், கோடு முழுவதையும் சேமித்து வைக்கும் ரெபோவிலேயே. முன்பெல்லாம் இப்படி எழுதியதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள் (நானும்தான்). இப்போது கருவிக்குக் காட்டினால் வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் படிக்கிறது.

அப்புறம் எழுதித் தீராத கேள்விகளும் உண்டு. பணம் எடுத்தாயிற்று, டேங்கர் கிடைக்கவில்லை. உடனே திருப்பித் தருவதா, நாளைக் காலை வரை பொறுப்பதா? அதை டேங்கர் ஓட்டுபவர்களிடமும் ஆப் முதலாளியிடமும் போய்க் கேட்க வேண்டும். பதில் கிடைத்தபின் கோடு எழுத அரை மணி நேரம்கூட ஆகாது.