றிப்போட்டில் ‘நோர்மல்’, சிறுநீரகத்தில் பாதி இல்லை

வவுனியாவில் மெலிந்த உடம்புக்கார வயல்காரர் ஒருவர் கிளினிக்கில் இரத்தம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிரியேற்றினின் 1.2 என்று றிப்போட் வருகிறது. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் சாதாரண அளவு 0.6 முதல் 1.2 வரை. பிரச்சினை இல்லை என்று வீட்டுக்குப் போய்விடுகிறார். சில வருடங்களுக்கு முன்பு அவருடைய அளவு 0.6 ஆக இருந்திருந்தால், இதற்குள் அவரின் சிறுநீரகங்கள் வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதி போய்விட்டது.

கிரியேற்றினின் தசையிலிருந்து வரும் கழிவு. தினமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் உண்டாகும். சிறுநீரகம் அதை வெளியேற்றும். ஒரே சீராக நீர் வந்துகொண்டிருக்கும் குளத்தில் துருசைப் பாதி அடைத்தால் என்ன நடக்கும்? நீர்மட்டம் ஏறும். ஏறிய நீரின் அழுத்தத்தால், வருவதும் போவதும் மறுபடி சமமாகும் இடத்தில் நின்றுவிடும். இரத்தத்திலும் அப்படித்தான். வடிகட்டும் வேகம் பாதியானால் கிரியேற்றினின் இரண்டு மடங்காகி அங்கே நிற்கும்.

வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 120 மில்லிலீற்றரிலிருந்து 60 ஆகும்போது 0.6 என்பது 1.2 ஆகிறது. 60 என்பது 30 ஆனால் 2.4. 30 என்பது 15 ஆனால் 4.8. முதலில் தொலைந்த 60 அலகுக்கு றிப்போட்டில் வெறும் 0.6தான் ஏறியது; கடைசியில் தொலைந்த 15 அலகுக்கோ 2.4 ஏறுகிறது. எண் பயமுறுத்தத் தொடங்கும்போது இழக்க மிச்சம் கொஞ்சம்தான்.

அதனால்தான் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து வடிகட்டும் வேகத்தை மதிப்பிடும் சூத்திரங்கள் வந்தன. இன்று பரவலாகப் பயன்படும் ஒன்று 2021இல் திருத்தப்பட்டது. அதில் போட்டுப் பார்த்தால், 55 வயது ஆணுக்கு 1.2 என்பது நிமிடத்துக்கு 71 மில்லிலீற்றர். அதே வயதுப் பெண்ணுக்கு 53. மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே நின்றாலே அது நாட்பட்ட சிறுநீரக நோய். ஆனாலும் சூத்திரம் பலருடைய சராசரியிலிருந்து பிறந்தது. ஒருவருக்கு அவருடைய பழைய றிப்போட்டே அதைவிடச் சிறந்த அளவுகோல். பழைய துண்டுகளைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

வன்னியில் இதைச் சொல்லவேண்டியதற்குக் காரணம் உண்டு. 1990களில் வட மத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியா பக்கங்களில், சர்க்கரையும் இல்லாத, பிரஷரும் இல்லாத விவசாயிகளின் சிறுநீரகம் பழுதாவது தெரியவந்தது. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். மாகாண எல்லை நோய்க்குத் தெரியாது. வவுனியாவிலும் அது இருக்கிறது.

ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 இலட்சம் வடிகட்டிகள். எல்லாமாக நாளுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் வடிகிறது. அதில் ஒன்றிரண்டு லீற்றர் தவிர மற்றதையெல்லாம் நுண்குழாய்கள் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. சர்க்கரை நோய் வடிகட்டும் வலையைக் கிழிப்பதால் புரதம் ஒழுகி, சிறுநீர்ப் பட்டைச் சோதனையில் சீக்கிரம் தெரிந்துவிடும். காரணம் தெரியாத இந்தச் சிறுநீரக நோய் அடிப்பதோ நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த திசுவையும். தொடக்கத்தில் புரதம் அதிகம் ஒழுகாது, நோவும் இராது, காலும் வீங்காது.

ஏன் வருகிறது? வெயில் ஒரு சந்தேகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் கூடினால் அது ஆவியாகாமல் வழிந்தோடும். காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் அளவான ஈரக்குமிழ் வெப்பநிலை 35 பாகை வரை மனித உடல் தாங்கும் என்று முன்பு எண்ணியிருந்தார்கள். 2022இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா அரச பல்கலைக்கழகத்தில் இளவயதினரை வைத்துச் சோதித்தபோது, எல்லை சுமார் 31 பாகையிலேயே வந்துவிட்டது. சிறுபோக வெயிலில் முதுகில் தாங்கியோடு மருந்தடிப்பவரின் சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைவாகப் போகிறது. அதேநேரம் ஒரு துளியும் விடாமல் திரும்ப எடு என்று மூளை நுண்குழாய்களுக்குக் கட்டளை அனுப்புகிறது. நிக்கரகுவாவிலும் எல் சல்வடோரிலும் கரும்பு வெட்டுவோருக்கு இதேபோன்ற நோய் உண்டு. அங்கே தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்த இடங்களில் சிறுநீரகப் பாதிப்புக் குறைந்தது.

வெயில் மட்டும் என்றால் யாழ்ப்பாணக் குடாநாடும் தப்பியிருக்காது. அடுத்த சந்தேகம் தண்ணீர். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைத்தான் எல்லாரும் குற்றம் சொல்வார்கள். அது சுண்ணாம்பு; யாழ்ப்பாணத்துக் கேத்திலிலும் படிகிறது. வித்தியாசம் நிலத்தடியில். குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. வவுனியாவுக்குக் கீழே பழைய பளிங்குருப் பாறை. அந்தப் பாறையின் கனிமங்களிலிருந்து புளோரைட்டு கரைந்து கிணற்றுக்கு வருகிறது. நிறம், மணம், பொருக்கு எதுவும் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், வெயிலில் வேலை செய்கிறவர் கூடுதலாகக் குடிப்பதால் அவருக்குள் போவதும் கூடும். புளோரைட்டை வெளியேற்றுவதும் பெரும்பாலும் சிறுநீரகமே. அது நலிய நலிய உடம்பில் தங்குவது ஏறும்.

களைக்கொல்லி கிளைபோசேற் மீதான சந்தேகம் 2014இல் பெரிதாகி, 2015இல் தடையாகவும் ஆனது. 2023இல் டியூக் பல்கலைக்கழகக் குழு, வன்னீரில், அதாவது பொருக்குப் படியும் கடின நீரில், உள்ள கல்சியமும் மக்னீசியமும் அதைப் பிடித்துவைத்து, சிதையவிடாமல் நீடிக்கச் செய்வதாகச் சொன்னது. இது குற்றத்தை நிறுவவில்லை. ஒரே நஞ்சைத் தேடுவதைவிட வெப்பம், நீர், இரசாயனம் மூன்றும் சேரும் இடத்தைத் தேடுவதுதான் சரி என்றே எனக்குப் படுகிறது.

கொதிக்கவைத்தால் சுண்ணாம்பு படியும். புளோரைட்டு போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு ஏறும். ஆர்.ஓ. எனப்படும் நீர் சுத்திகரிப்பு இயந்திரமோ தண்ணீரை அழுத்தி ஒரு மென்சவ்வின் வழியே தள்ளி, உப்புகளையும் புளோரைட்டையும் இந்தப் பக்கமே நிறுத்திவிடுகிறது. கடல்நீரில் இதைச் செய்ய வளிமண்டல அழுத்தத்தைப் போல 27 மடங்குக்கு மேல் வேண்டும். கிணற்று நீருக்கு அதில் சிறு பங்கு போதும் என்பதால்தான் கிராமங்களில் இந்த நிலையங்கள் சாத்தியமாகின்றன. மாரி மழையை மூடிய தாங்கியில் சேர்த்தால், புளோரைட்டைப் பொறுத்தவரை, அந்தச் செலவும் இல்லை.

சவ்வு நிறுத்தியதெல்லாம் செறிந்து கழிவு நீரில் போகிறது. அதைக் கிணற்றடியிலேயே ஊற்றினால் மண்ணில் வடிந்து அதே கிணற்றுக்கு வரும். உங்கள் ஊரில் நிலையம் இருந்தால், கழிவுக் குழாய் எங்கே போய் விழுகிறது என்று ஒருமுறை நடந்துபோய்ப் பாருங்கள்.