ஓட்டோவுக்கு எத்தனை மணிக்குச் சாஜ் போடுவது?

“கரண்ட் ஓட்டோ எண்டாப் புகையே இல்லதானே தம்பி, மறுகா என்ன யோசனை?” மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடியில் ஓட்டோ ஓடுகிற அண்ணன் ஒருவர் கேட்டார். 2022இல் பெற்றோல் செட் வரிசையில் இரவிரவாகக் கிடந்தவர்களுக்கு இந்த ஆசை வராவிட்டால்தான் அதிசயம். ஆனால் புகை இல்லை என்பது பாதிக் கதைதான்.

ஒரு லீற்றர் பெற்றோலின் எடை முக்கால் கிலோ. அது எரிந்தால் வருகிற காபனீரொட்சைட்டு சுமார் 2.3 கிலோ. இதில் மாயம் எதுவும் இல்லை. மிச்ச எடை காற்றிலிருந்து சேரும் ஒட்சிசன். லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் ஓட்டோ என்று வைத்தால், கிலோமீற்றருக்கு 92 கிராம். அந்த எரிசக்தியிலும் ஐந்தில் நாலு பங்கு எஞ்சின் சூடாகவே போய்விடுகிறது. சவாரி முடிந்ததும் பின்சீற்றுக்கு அடியில் கையை வைத்துப் பார்த்தால் விளங்கும்.

மின்மோட்டர் அப்படி வீணாக்காது. கிலோமீற்றருக்கு 0.08 யூனிட் அளவில் போதும். ஆனால் அந்த யூனிட் எங்கே பிறந்தது? புத்தளத்து நுரைச்சோலை போன்ற நிலக்கரி மின்நிலையத்தில் என்றால், யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு. கணக்குப் போட்டால் கிலோமீற்றருக்கு 80 கிராம்! பெற்றோலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை; மட்டக்களப்பில் விட வேண்டிய புகையைப் புத்தளத்தில் விடுகிறோம், அவ்வளவுதான். அதே யூனிட் இங்கினியாகலை நீர்மின் நிலையத்திலோ கூரைச் சோலாரிலோ பிறந்திருந்தால், ஓடும்போது வெளியேறுவது கிட்டத்தட்டப் பூச்சியம்.

இலங்கையில் மின்தேவை உச்சமாக இருப்பது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. அந்த நேரம் சூரியன் இல்லை. தேவை ஏற ஏற எண்ணெய் எரிக்கும் மின்நிலையங்களையும் ஓட்ட வேண்டிவரும். ஓட்டோக்காரர் வீட்டுக்கு வந்து பிளக்கைச் செருகுவதும் அதே நேரம்தான். பகலில் நிலைமை தலைகீழ். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்தபோது, பகலில் கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. வெயில் தந்த கரண்டை வாங்க ஆளில்லை!

மாநகர சபைக்கு வேலை இங்கேதான் இருக்கிறது. இறக்குமதி வரியைக் கூட்டுவதும் குறைப்பதும் கொழும்பின் கையில். வீதியோரம், சந்தை, தரிப்பிடம், கட்டிட அனுமதி ஆகியவை சபையின் கையில். ஓட்டோ தரிப்பிடத்தில் ஒரு கூரை, கூரைமேல் 5 கிலோவாற்றுச் சோலார், கீழே நாலைந்து பிளக். நம்மூர் வெயிலுக்கு அது நாளொன்றுக்கு 20 யூனிட் அளவில் தரும், அதாவது 250 கிலோமீற்றர் ஓட்டம். ஊருக்குள் ஓடும் மூன்று ஓட்டோக்களுக்குக் காணும். மிச்ச ஓட்டோக்கள் பொது வலையமைப்பிலிருந்து எடுத்தாலும் அது பகல் கரண்ட்தான். கரண்ட் ஓட்டோ வாங்குவோருக்கு மானியக் காசைப் பங்குபோடுவதைவிட இது உருப்படியான செலவு என்பது என் எண்ணம்.

கூரையின் நிழலுக்கும் ஒரு பயன் உண்டு. லிதியம் பற்றரிக்குச் சூடு ஆகாது. முழுதாகச் சாஜ் ஏறிய பற்றரியை உச்சி வெயிலில் நிறுத்தி வைத்தால், உள்ளே நடக்கும் பக்கவிளைவு இரசாயன மாற்றங்கள் வேகம்பிடித்து அதன் ஆயுள் தேயும்.

“சாஜ் ஏறும் மட்டும் நான் சும்மா குந்தியிருக்கிறதா?” என்றார் அண்ணன். நியாயமான கேள்வி. 7 யூனிட் பற்றரியைச் சாதாரண 13 அம்பியர் பிளக்கில் நிரப்ப இரண்டரை, மூன்று மணித்தியாலம் பிடிக்கும். அவரையே கேட்டேன், சவாரி எப்போது படுக்கும் என்று. காலைப் பள்ளிக்கூட ஓட்டமும் சந்தை ஓட்டமும் பத்து மணிக்குள் ஓய்ந்துவிடுமாம். பிறகு ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும் வரை வேப்பமரத்தடியில் தூக்கம்தானாம். சோலார் பொங்குகிற நேரமும் அதேதான்.